விஸ்வநத்தம்: கரிசல் பாதையில் அடி தட்டும் கார்கள்

சிவகாசி எங்கே முடிகிறது, விஸ்வநத்தம் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர்களால் சொல்ல முடியாது. அச்சகம், அட்டைப்பெட்டிக் கம்பெனி, பட்டாசுக் கடை, டீக்கடை என்று இரண்டு ஊரும் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கின்றன. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து தொடங்கி பட்டாசு, அச்சு என்று வளர்ந்த வட்டாரம் இது. ஆனால் தெருக்களைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் பழைய பூமி அப்படியே இருக்கிறது. கரிசல் மண், சீமைக்கருவேல், மழையை நம்பிய மானாவாரி வெள்ளாமை. இடையிடையே, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் சின்னச் சின்ன அறைகளாகப் பட்டாசு ஆலைகள்.

அந்த ஆலைகள் ஊருக்குள் இருக்க முடியாது. வெடிபொருள் சட்டப்படி குடியிருப்பிலிருந்தும் சாலையிலிருந்தும் தள்ளித்தான் கட்ட வேண்டும். ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவிலும் இடைவெளி விட வேண்டும். அதனால் தார்ச்சாலையை விட்டு இறங்கி, காட்டுப் பாதையில் போய்த்தான் பல ஆலைகளை அடைய முடிகிறது. அதே பாதையில்தான் விவசாயியின் டிராக்டர் போகிறது, ஆள் ஏற்றும் வேன் போகிறது, அட்டைப்பெட்டி ஏற்றிய லாரி போகிறது. இப்போது பழைய கார்களும் போகின்றன. பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய ஒரு சின்னக் காரை வாங்கி, விதையிலிருந்து ஆஸ்பத்திரி அவசரம் வரை அதிலேயே பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் கிராமங்களில் பெருகிவிட்டன. அந்தக் கார்களின் வயிற்றில்தான் இந்தப் பாதைகள் கை வைக்கின்றன. ‘வண்டி அடி தட்டிருச்சு’ என்ற பேச்சை இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் எந்நேரமும் கேட்கலாம்.

கரிசல் செய்யும் வேலை

கரிசல் மண்ணைப் பற்றி இந்த வட்டார விவசாயிக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழை குடித்தால் உப்பும், வெயிலில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்புதான் அடுத்த மழையை ஆழத்துக்குக் கொண்டுபோகிறது, பருத்தியும் சோளமும் அதை நம்பித்தான் நிற்கின்றன. வெள்ளாமைக்கு வரமான இந்தக் குணம் சாலைக்குச் சாபம். தார்ச்சாலையின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. இரண்டு ஓரத்திலும் மட்டும் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஓரம் உப்பி, சுருங்கி, கடைசியில் அமுங்கிப் போகும். சாலையின் நீளவாக்கில் வெடிப்பு விடும். நேராகப் போட்ட சாலை சில வருடங்களில் அலை அலையாகிவிடுவது இப்படித்தான்.

மண் பாதையில் கதை வேறு. ஈரக் கரிசலில் டிராக்டர் போனால் இரண்டு பக்கமும் பள்ளமாகத் தடம் விழும். நடுவில் மேடு நிற்கும். வெயில் ஏறியதும் அந்த மேடு கல்லாகக் காய்ந்துவிடும். டிராக்டருக்கு அடிவயிறு உயரம், அதற்குக் கவலையில்லை. பின்னால் வரும் கார் அதே தடத்தில் சக்கரத்தை விட்டால், நடு மேடு நேராக இன்ஜினின் அடியைத் தேடி வரும். அனுபவப்பட்டவர்கள் தடத்தில் இறங்குவதில்லை. ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும், இன்னொரு பக்கச் சக்கரத்தைத் தடத்துக்கு வெளியே ஓரத்திலும் ஏற்றி, நடையைப் போல மெதுவாக ஓட்டிப் போவார்கள். கிராவல் அடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். வெறும் கரிசல் மேல் கொட்டிய கிராவலை இரண்டு மழையில் மண் விழுங்கிவிடும். அடியில் மணலோ சரளையோ ஒரு படுகை போட்டு, அதன் மேல் கிராவல் அடித்தால் கொஞ்சம் தாங்கும்.

இதில் ஒரு கெட்ட பொருத்தமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்குகிறது. தீபாவளியும் ஐப்பசியில்தான். பாதை இளகிக் கிடக்கும் அதே நாட்களில்தான் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும், அதற்கு அப்பாலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கார்களில் பட்டாசு வாங்க வருகிறார்கள். ஆள் ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டி.

வேகத்தடைக் கணக்கு

சின்னக் கார்களின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஏறத்தாழ 160 முதல் 170 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். பொலிரோ போன்ற வண்டிக்கு 180. இது காலியாக நிற்கும் வண்டியின் கணக்கு. ஐந்து பேர் ஏறி, பின்னால் சுமையும் வைத்தால் ஸ்பிரிங் அமுங்கி இரண்டு மூன்று விரற்கடை போய்விடும். மிச்சம் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர்தான்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிமுறைப்படி, சாதாரணச் சாலையில் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டுவதற்கான அளவு அது. உயரத்தைவிட அந்த அகலத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சின்னக் காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் 2.4 மீட்டர்தான். வேகத்தடை 3.7 மீட்டர் அகலம் என்றால் கார் மொத்தமாக அதன் மேல் ஏறி இறங்கிவிடும், வயிறு தொங்காது. ஊருக்குள் ஆளாளுக்கு ஒரு சட்டி சிமென்ட் கலவையைக் கொட்டிப் போடும் வேகத்தடை இரண்டு அடி அகலத்தில் அரை அடி உயரத்துக்கு நிற்கும். அது இரண்டு சக்கரத்துக்கும் நடுவே முழுசாக அடங்கிவிடும். அரை அடி என்பது 15 சென்டிமீட்டர். சுமை ஏறிய காருக்கு மிச்சம் இருப்பது 12. மூன்று சென்டிமீட்டரை யார் தருவது? சம்ப்தான் தர வேண்டும்.

இப்படிப்பட்ட தடை உள்ள ஊர்க்காரர்கள் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. விபத்து நடக்கிறது என்று தடை கேட்பது நியாயம்தான், சரியான அளவில் போடச் சொல்லிக் கேட்பதும் அதே அளவு நியாயம். அதுவரைக்கும் சுமை இருந்தால் ஆட்களை இறக்கிவிட்டு ஏற்றுவதும், கொஞ்சம் சாய்வாக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவதும் உதவும். பிரேக்கை மிதித்தபடியே தடையில் ஏறக் கூடாது. பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு கீழே தாழும். தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

அடிபட்ட அந்த ஐந்து நிமிடம்

‘டமார்’ என்று சத்தம் கேட்டதும் பெரும்பாலானவர்கள் செய்வது, வண்டி ஓடுகிறதே என்று அப்படியே போய்விடுவது. பெரிய செலவு அங்கேதான் தொடங்குகிறது. முதலில் சமதளத்தில் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். பெட்ரோல் வாசம் வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளிப் போக வேண்டும், பீடி சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது. வாசம் இல்லை என்றால் குனிந்து பார்க்கலாம். பழுப்போ கறுப்போ கெட்டியாகச் சொட்டினால் இன்ஜின் ஆயில். பச்சை, ரோஸ், நீலம் என்று நிறத்தோடு தண்ணீர்போல் வந்தால் ரேடியேட்டர் கூலன்ட். இளமஞ்சளாக, வழுவழுப்பாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர்தான், பயமில்லை.

ஆயில் விளக்கு எரிந்தால் வண்டியை ஒரு பர்லாங் கூட ஓட்டக் கூடாது. பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலும் அப்படித்தான். கயிறு கட்டி இழுப்பதும் ஆகாது. பிரேக் இல்லாத வண்டியைக் கயிற்றில் இழுத்தால் முன்னால் போகிற வண்டியில்தான் முட்டி நிற்கும், ஏற்றிப் போகும் வண்டியை வரவழைக்க வேண்டும். விருதுநகர், சாத்தூர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலை போன்ற தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

எதுவும் ஒழுகவில்லை என்றால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. ஆயில் சம்ப் என்பது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தொட்டி. அதன் அடிமட்டத்துக்குச் சற்று மேலேதான் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் இருக்கிறது. இரும்புத் தகட்டு சம்ப் ஒடுங்கினால் ஓட்டை விழாது. ஆனால் ஒடுங்கிய தகடு மேலே எழும்பி அந்த வாயை அடைத்துக்கொள்ளும். கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு சேற்றில் புதைந்த மாதிரிதான். ஆயில் இருக்கும், மேலே ஏறாது. கொஞ்ச தூரத்திலேயே இன்ஜின் பிடித்துவிடும். அலுமினிய சம்ப் ஒடுங்காது, நேராக விரிசல் விடும், ஒழுகல் உடனே தெரியும். ஒரு வகையில் அதுவே நல்லது.

அடியில் படுத்துப் பார்க்கிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. கரிசலில் ஜாக்கியின் பாதம் வெண்ணெயில் கத்திபோல இறங்கும். அடியில் கனமான பலகை போட்டு, அதன் பிறகும் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்து மேடையிலோ பள்ளத்திலோ வைத்துப் பார்ப்பது இதைவிட நூறு மடங்கு மேல்.

சேஸ் எங்கே இருக்கிறது?

‘சேஸ் வளைஞ்சிருச்சா அண்ணாச்சி?’ என்பதுதான் பட்டறையில் முதலில் வரும் கேள்வி. பொலிரோ, ஸ்கார்பியோ போன்ற வண்டிகளுக்கு ஏணிபோலத் தனியாகச் சேஸ் உண்டு. அதன் மேல் பாடி உட்கார்ந்திருக்கும். ஆனால் சின்னக் கார்களுக்குத் தனிச் சேஸ் கிடையாது. தரைத்தகடு, ஓரப் பெட்டி, முன்பக்கத்து இரண்டு நீளச் சட்டம், கூரை எல்லாம் சேர்ந்துதான் பலம். முட்டை ஓடு மாதிரி, ஓடு முழுவதும் சேர்ந்து தாங்குகிறது. அம்பாசடரை இரும்புக் கோட்டை என்பார்கள், அதற்கும் தனிச் சேஸ் இல்லை, தகடு தடிமன், அவ்வளவுதான்.

அதனால் அடிபட்ட இடம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடுத் தரைத்தகடு கொஞ்சம் ஒடுங்கினால் தட்டி நேராக்கலாம். ஜாக்கி வைக்கும் ஓர மடிப்பு நசுங்குவது பெரும்பாலான பழைய கார்களில் இருப்பதுதான், துரு ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். முன் சக்கரங்களுக்கு நடுவே இன்ஜினைத் தாங்கும் குறுக்குச் சட்டம், லோயர் ஆர்ம் மாட்டியிருக்கும் இடம், நீளச் சட்டம் ஆகிய மூன்றில் அடி விழுந்திருந்தால்தான் விஷயம் பெரிது. சக்கரத்தின் கோணத்தைப் பிடித்து வைத்திருப்பவை அவை.

‘வெல்டு வச்சுட்டா ஓடுமா?’

‘ஓடும் தம்பி. நேரா ஓடுமான்னுதான் பார்க்கணும்.’

அண்ணாச்சி சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதா, கதவு மூடும்போது முன்பில்லாத இடிப்பு வருகிறதா, ஒரு டயர் மட்டும் உள்பக்கமாகத் தேய்கிறதா என்று ஒரு மாதம் கவனிக்க வேண்டும். வீல் அலைன்மென்ட் பார்க்கும் இடத்தில் அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அலைன்மென்ட் எவ்வளவு திருகினாலும் ஒரு சக்கரத்தின் அளவு பச்சைக்கு வரவில்லை என்றால், சட்டமோ ஆர்மோ வளைந்திருக்கிறது.

பெரிய கருவி இல்லாமலும் ஒரு சோதனை செய்யலாம். வீட்டுக்கு வானம் தோண்டுமுன் கொத்தனார் குறுக்கு மூலைக்கு மூலை கயிறு பிடித்து, இரண்டும் ஒரே நீளமா என்று பார்ப்பாரே, அதே கணக்கு. சிமென்ட் தளத்தில் வண்டியை நிறுத்தி, இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும் போல்ட்டுகளை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று தேர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வைத்து, வண்டியை நகர்த்திவிட்டுப் புள்ளிகளுக்குக் குறுக்கே டேப் பிடித்தால் போதும். பாடி வேலைக்காரர்கள் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது என்பார்கள். தூக்குக்குண்டில் அவ்வளவு துல்லியம் வராது. ஆனால் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால், ஜிக்கில் ஏற்றி இழுக்கும் வசதியுள்ள பட்டறைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குமுன் இதைச் செய்வது இன்னும் புத்திசாலித்தனம். பழைய காரின் அடியில் மட்டும் புத்தம் புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால், அதற்குக் கீழே என்ன மறைந்திருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இப்போதைய கார்களில் முக்கியச் சட்டங்களுக்குப் பலம் கூட்டிய ஸ்டீலைப் போடுகிறார்கள். அதைக் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சித் தட்டினால் பலம் போய்விடும், பார்வைக்கு நேராகத்தான் இருக்கும். குறுக்குச் சட்டம் போல்ட்டில் கழன்று வருவது என்றால் தட்டி நிமிர்த்துவதைவிட மாற்றிவிடுவதே மேல்.

பட்டாசும் பொறியும்

விஸ்வநத்தம் வட்டாரத்தில் இந்தப் பேச்சுக்கு வேறு கனம் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கு முன்னும் பின்னும் இந்த மண் பல சாவுகளைப் பார்த்திருக்கிறது. உராய்வும் பொறியும் என்ன செய்யும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாதது வெளியூரிலிருந்து காரில் வருபவருக்குத்தான்.

டிக்கிக்கு அடியில்தான் பெரும்பாலும் பின் சைலன்சர் போகிறது. அதற்கும் தரைத்தகட்டுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அடி தட்டும்போது முதலில் கிழிவது பல சமயம் அதுதான். ‘சத்தம்தான் போடுது’ என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். அதன் பிறகு டிக்கியின் தரை சூடேறும். மேலே பட்டாசுப் பெட்டி இருந்தால் நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. பட்டாசு ஏற்றிய கார் அடி தட்டினால் முதல் வேலை பெட்டிகளை இறக்கித் தூரமாக நிழலில் வைப்பதுதான், ஒழுகலைப் பார்ப்பதெல்லாம் பிறகு. பட்டாசு உள்ளே இருக்க எந்தப் பட்டறையிலும் வெல்டிங், கிரைண்டிங் செய்ய விடக் கூடாது. பயணிகள் ரயிலில் பட்டாசுக்குத் தடை என்பதால் பலர் காரை நம்புகிறார்கள். உரிமம் உள்ள லாரி மூலம் கடைக்காரரையே அனுப்பச் சொல்வதுதான் முறை.

பெட்ரோல் டேங்க் அடிபட்டிருந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கே ஆபத்து, உள்ளே ஆவி நிறைந்திருக்கும். அதில் வெல்டிங் பொறி பட்டால் குண்டுதான். பழைய லாரி டிரைவர்கள் இரும்பு டேங்கின் கசிவில் பார் சோப்பை அழுத்தித் தேய்ப்பார்கள், சோப்பு பெட்ரோலில் கரையாது. எம்-சீலும் அப்படித்தான் கை கொடுக்கும். இரண்டுமே பட்டறை வரை போய்ச் சேர மட்டும். பிளாஸ்டிக் டேங்கில் விரிசல் என்றால் மாற்றியே ஆக வேண்டும். சி.என்.ஜி. மாட்டிய கார் என்றால் அடியில் கேஸ் குழாயும் போகும், சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, கேஸ் கிட் வேலை தெரிந்தவரிடம்தான் காட்ட வேண்டும்.

களமாகும் சாலை

தை, மாசியில் கரிசல் காட்டுச் சாலைகள் களமாகிவிடும். உளுந்து, பாசி, கம்பு, சோளம் என்று செடியும் கதிருமாகச் சாலையில் பரப்பினால் போகிற வண்டிகளே அடித்துக் கொடுத்துவிடுகின்றன. களம் இல்லாதவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் காரின் வினையூக்கிப் பெட்டி, அதாவது சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி, நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும். காய்ந்த செடி அடியில் சுற்றிக்கொண்டால் சில கிலோமீட்டரில் புகைய ஆரம்பிக்கும். முன்பே அடி தட்டி, தகடு தொங்கும் வண்டி என்றால் அதில்தான் செடி வசமாகச் சிக்கும். பரப்பல் மேல் ஓட்டியவர்கள் தாண்டியதும் நிறுத்தி, ஒரு குச்சியால் அடியில் சிக்கியதை இழுத்துப் போட வேண்டும். பரப்புகிறவர்களும் ஒரு பக்கம் வழி விட்டு, ஓரத்துக்கு வைத்த கருங்கல்லை மாலையில் அப்புறப்படுத்திவிட்டால், இருட்டில் வருகிறவரின் சம்ப் தப்பிக்கும்.

செலவைப் பற்றி ஒன்று. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டிருந்தால் சொந்த வண்டியின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால் சம்ப், குறுக்குச் சட்டம் போன்ற அடிச்சேதத்துக்குக் கேட்கலாம். வண்டியைப் பிரிக்குமுன் அடிபட்ட இடத்தையும், தட்டிய கல்லையோ தடையையோ படம் எடுத்து, காப்பீட்டுக் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். சம்ப் உடைந்தது தெரிந்தும் ஓட்டி, இன்ஜின் பிடித்துப் போனால், இன்ஜின் செலவை ‘பின்விளைவு’ என்று தள்ளுபடி செய்துவிடுவது வழக்கம். இன்ஜினுக்கென்று தனியாகக் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் அதன் நிபந்தனையைப் பொறுத்துக் கிடைக்கலாம். சம்பின் விலைக்கும் இன்ஜின் இறக்கிக் கட்டும் விலைக்கும் உள்ள தூரம், ஒரு போகத்து உளுந்து மொத்தத்தையும் கொண்டுபோய்விடும்.